மலைமுகட்டில் ஓடும் மகிழ்ச்சி

மலை என்றதும் நம் கிறிஸ்தவ உள்ளங்களில் முதலில் எழுவது செபத்தின் நினைவே. சீனாய் மலையில் மோயீசன் இறைவனோடு உரையாடினார். உயர்ந்த மலையொன்றில் சீடர் மூவர் ஆண்டவருடைய மகிமையைக் கண்டு திகைத்தனர். ஒலிவ மலையில் அவர் இரத்த வியர்வை சிந்தினார். ஆகவே, மலையென்பது முழந்தாளிடுவதற்குரிய இடம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது ஓடுவதற்கும் உரிய இடம் என்று சொன்னால் சிலர் வியப்படையக்கூடும். ஆயினும் வேதாகமத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்போமானால் அங்கும் மலையும் ஓட்டமும் கைகோத்து நிற்பதைக் காணலாம். வானதூதரின் மங்களச் செய்தியைப் பெற்ற நம் தேவதாய் மலைநாட்டை நோக்கி விரைந்தே சென்றார்கள் என்று புனித லூக்காஸ் எழுதுகிறார். கார்மேல் மலையில் மழை வேண்டிப் பெற்ற எலியாஸ் இறைவாக்கினர், அரசனுடைய தேருக்கு முன்னே ஓடியே ஊர் சேர்ந்தார். உள்ளத்தில் பொங்கும் மகிழ்ச்சி காலில் இறங்கும்போது நடை தானாகவே ஓட்டமாகிறது.

மலைமீது ஓடுவதை அன்றாட வாழ்வின் இன்பமாகக் கொண்ட மக்கள் இன்றும் உளர். அவர்களுடைய ஓட்டத்தை உலகறியச் செய்ததில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கும் பங்குண்டு. அவர்களைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

விண்ணுக்கு அருகில் ஓர் ஊர்

ஆப்பிரிக்கக் கண்டத்தில், கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, இட்டென் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். நம் உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இதன் அளவு விளங்கும். ஊருக்குக் கிழக்கே நிலம் கத்தியால் அரிந்தாற்போல் திடீரென முடிந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே கெரியோ பள்ளத்தாக்கு வெயிலில் விரிந்து கிடக்கிறது. மேலே மக்காச்சோளக் கொல்லைகளும் மேய்ச்சல் நிலங்களும், அவற்றினூடே ஏறியும் இறங்கியும் செல்லும் செம்மண் சாலைகளும். ஊர் முகப்பிலுள்ள வளைவு, இது வெற்றி வீரர்களின் இல்லம் என்று வருவோருக்கு அறிவிக்கிறது.

நிலநடுக்கோட்டை அடுத்த நாடாதலால் ஆண்டு முழுவதும் காலை ஆறரை மணியளவில் அங்கே கதிரவன் எழுகிறான். அதற்கு முன்னரே, குளிர் விலகாத அரையிருளில், சாலைச் சந்திப்புகளில் பத்துப் பேர், இருபது பேர் என்று கூடிவிடுகின்றனர். எவரும் உரக்கப் பேசுவதில்லை. ஒருவர் அடியெடுத்து வைக்க, மற்றவர் தொடர்கின்றனர். முதலில் கேட்பது செம்மண்ணில் காலடிகள் விழும் ஓசை மட்டுமே. பிறகு மூச்சின் ஓசை அதனோடு சேர்ந்துகொள்கிறது. கிழக்கு வெளுக்க வெளுக்க, முன்னே ஓடுவோரின் மூச்சு வெண்புகையாய் எழுவது தெரிகிறது. சாலை மலைவிளிம்பை அணுகும் இடங்களில் மேகம் காலடிக்குக் கீழே நிற்கிறது! மேட்டில் ஏறும்போது மார்பு பாரமாகிறது. சரிவில் இறங்கும்போதோ சிறகு முளைத்தாற்போல் உடல் இலேசாகிறது. வழியில் பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர் புத்தகப் பையோடு சிறிது தொலைவு கூட ஓடிவந்து, சிரித்துக்கொண்டே விலகிவிடுகின்றனர். அவர்களுக்கு அது பயிற்சியன்று. காலைப் பொழுதின் களிப்பு.

மெல்லிய காற்றும் இறைவனின் ஏற்பாடும்

இத்தகைய உயரத்தில் ஓடுவது எளிதென்று எண்ணிவிடலாகாது. மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. சமவெளியில் உள்ளதுபோல் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொரு பங்கே அங்கும் இருக்கிறது. குறைவது காற்றின் அழுத்தம். இட்டெனில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எனவே, ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் செல்லும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. சமவெளியிலிருந்து புதிதாக வருபவர் சிறிய மேட்டில் ஏறினாலும் இதயம் படபடக்க நின்றுவிடுகின்றனர்.

ஆனால் படைத்தவர் இதற்கும் வழி வகுத்திருக்கிறார். குறைவை உணர்ந்த சிறுநீரகங்கள் ஒரு சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றன. அது எலும்பின் உள்ளிருக்கும் மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை மிகுதியாக உண்டாக்கச் செய்கிறது. வாரங்கள் சில கழிவதற்குள் உடல், கிடைக்கும் சிறிதளவு பிராணவாயுவையும் வீணாக்காமல் சுமந்து செல்லக் கற்றுக்கொள்கிறது. குறைவிலிருந்தே நிறைவைப் பிறப்பிக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. சமவெளியில் நாம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை மூச்சு விடுகிறோம். ஒன்றுக்காவது நன்றி சொல்வதுண்டா? மலையில் ஓடுபவனோ ஒவ்வொரு மூச்சும் கொடையென்பதை நெஞ்சாரத் தெரிந்துகொள்கிறான்.

உயரம் ஒன்றே இம்மக்களின் ஆற்றலுக்குக் காரணமன்று. சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் பெங்ட் சால்டின் இவ்வட்டாரத்துச் சிறுவர்களை ஆராய்ந்தார். நாள்தோறும் நடந்தும் ஓடியும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரின் உடல், அவ்வாறு செல்லாதவரின் உடலைக் காட்டிலும் பிராணவாயுவைப் பெரிதும் நன்கு பயன்படுத்தக் கண்டார். பேருந்தோ மிதிவண்டியோ இல்லாத குறையும் ஒருவகையில் வரமாயிற்று!

ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி

இவ்வூரில் புனித பத்ரீசியார் பெயரால் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அயர்லாந்து நாட்டில் 1808ஆம் ஆண்டில் ஆயர் தானியேல் டிலேனி நிறுவிய புனித பத்ரீசியாரின் சகோதரர்கள் சபையினர் வளர்த்த பள்ளி அது. இச்சபை நமக்கும் அந்நியமன்று. சென்னை அடையாற்றில் 1875ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் புனித பேட்ரிக் பள்ளியும் இச்சகோதரர்களின் பணிக்களமே.

1976ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து கோம் ஓ'கானல் என்னும் இளம் சகோதரர் பூகோளம் கற்பிக்க இட்டென் வந்து சேர்ந்தார். அவருக்கு ஓட்டப்பயிற்சியில் அனுபவமோ படிப்போ இல்லை. ஆயினும் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பு அவர்மேல் வந்தது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், அவர் மாணவர்கள் ஓடுவதைக் கூர்ந்து பார்த்தார், அவர்களிடமிருந்தே கற்றார். சில காலம் மட்டுமே தங்கிச் செல்ல வந்தவர் அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டார்.

விளைவை உலகம் கண்டது. அப்பள்ளியில் பயின்ற இப்ராகிம் உசேன் 1987இல் நியூயார்க் மாரத்தானிலும், 1988இல் பாஸ்டன் மாரத்தானிலும் வென்றார். பீட்டர் ரோனோ 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். மாத்யூ பிரிர் 1992இல் பார்சிலோனாவில் தடை தாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் முதல்வரானார். வில்சன் கிப்கெட்டர் 1995, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் 800 மீட்டரில் உலக வாகை சூடினார். பள்ளி வளாகத்தில் இத்தகையோரின் பெயரால் மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. வெற்றிக்கு நினைவுச்சின்னமாகக் கல்லை நாட்டாமல், நிழல் தரும் மரத்தை நடுவது எத்துணை அழகிய வழக்கம்!

சகோதரர் ஆண் மாணவரோடு நின்றுவிடவில்லை. 1989ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய இளையோர் பயிற்சி முகாம்களில் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். விறகும் தண்ணீரும் சுமப்பதே பெண்பிள்ளையின் ஓட்டம் என்றிருந்த இல்லங்களிலிருந்து அவர்கள் வந்தனர். பின்னாளில் கென்ய நாட்டுப் பெண்கள் உலகமேடைகளில் பெற்ற வெற்றிகளுக்கு இம்முகாம்களும் ஒரு வித்தாயின.

மெல்ல மெல்ல

இம்மலை ஓட்டக்காரரிடம் வெளியூரார் முதலில் கண்டு வியப்பது அவர்களது வேகமன்று. அவர்கள் தொடங்கும் மெதுவே! உலக வாகை சூடியவரும் காலையில் முதல் சில நிமிடங்கள் வயோதிகர் நடைக்குச் சற்றே மேலான ஓட்டத்தோடுதான் புறப்படுகிறார். சுவாஹிலி மொழியில் இதனைப் 'போலே போலே' என்பர். நம் மொழியில் 'மெல்ல மெல்ல' எனலாம். உடல் சூடேறச் சூடேற வேகம் தானே கூடுகிறது. முதல் மேட்டிலேயே வேகம் காட்டுபவனை மலை அடுத்த மேட்டில் நிறுத்திவிடும். மலையின் முன் அகந்தை செல்லாது. ஞான வாழ்வும் அவ்வாறன்றோ? தவக்காலத்தின் முதல் நாளில் பத்து ஒறுத்தல்களை மேற்கொண்டு, மூன்றாம் நாளில் அனைத்தையும் கைவிடுபவரை நாம் அறிவோம். நாள்தோறும் ஒரு பத்துமணி செபமாலையைத் தவறாமல் சொல்லும் பாட்டியார் அவரை எளிதில் முந்திவிடுகிறார்.

அடுத்தது, கூடி ஓடுதல். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே சாலையில் ஒன்றாக ஓடுவதுண்டு. ஒலிம்பிக்கில் ஓடியவரும், நேற்று ஊரிலிருந்து பழைய காலணியோடு வந்த பையனும் அக்கூட்டத்தில் தோளோடு தோள் உரசிச் செல்கின்றனர். களைத்தவர் பின்தங்கினால் எவரும் நகைப்பதில்லை. இன்று விட்ட இடத்தைத் தாண்டி நாளை ஓடினால் போதும். போட்டி நாளில் எதிரெதிரே நிற்போர் பயிற்சி நாளில் ஒருவர்க்கொருவர் காற்றை மறைத்து உதவுகின்றனர். தனியே ஓடினால் இயலாத தொலைவு கூட்டத்தோடு ஓடும்போது கடந்துபோனதே தெரிவதில்லை. திருச்சபை என்னும் கூட்டத்தில் நம்மை இறைவன் சேர்த்துவைத்ததன் பொருளும் இதுவே.

ஓடி முடித்தபின் பாலும் சர்க்கரையும் நிறைந்த சூடான தேநீர், பிறகு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் இவ்வுணவு நம் கேழ்வரகுக் களிக்கு உடன்பிறப்பு. தொட்டுக்கொள்ள 'சுகுமா விக்கி' என்னும் கீரை. 'வாரத்தைத் தள்ளு' என்பது அப்பெயரின் பொருள். சம்பளம் வரும் வரை ஏழைக் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போவது அக்கீரைதான்! வென்று வருபவரைச் சுரைக்குடுக்கையில் புளிக்கவைத்த பாலைக் கொடுத்து வரவேற்பது இம்மக்களின் மரபு. விலையுயர்ந்த ஊட்டங்கள் எவையும் இல்லாமலே இவர்கள் உலகை வென்றனர் என்பதை நம் தாய்மார்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

பதக்கத்திற்கு முந்திய மகிழ்ச்சி

1968ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன. அந்நகரும் ஏறத்தாழ உதகை அளவு உயரத்தில் உள்ளது. இதே மலைநாட்டைச் சேர்ந்த கிப்சோகே கெய்னோ என்பவர் பித்தப்பை நோயால் வருந்திக்கொண்டிருந்தார். 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தன்று, தாம் சென்ற பேருந்து நெரிசலில் சிக்கவே, இறங்கி ஓடியே அரங்கை அடைந்தார் என்பர். அவ்வோட்டத்தில் அவர் பெருத்த இடைவெளியில் தங்கம் வென்றார். ஆனால் அவர் வாழ்வில் நாம் போற்றுவது பிந்தியதையே. கெய்னோவும் அவர் துணைவியாரும் எல்டோரெட் நகரருகே அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து அவர்களைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர்.

அதே மெக்சிகோவில் நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியில் தானியேல் ருடிஷா என்பவர் இருந்தார். அவருடைய மகன் டேவிட், சகோதரர் கோமின் மாணவராகி, 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அவ்வேளையில் அவரை உருவாக்கிய சகோதரர் லண்டன் அரங்கில் இல்லை. இட்டெனில் தம் இல்லத்தில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். மணமகனின் தோழராய் ஒதுங்கி நின்று மகிழ்ந்த ஸ்நாபக அருளப்பரின் மகிழ்ச்சி இத்தகையதே.

ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. இட்டென் சாலைகளில் ஓடும் நூற்றுக்கணக்கானவருள் பதக்கம் பெறுபவர் மிகச் சிலரே. பதக்கத்தில்தான் மகிழ்ச்சி என்றால் மற்றவர்களின் காலை ஓட்டமெல்லாம் வீண். ஆனால் அது வீணன்று. பனியைக் கிழித்துக்கொண்டு கதிரவன் எழும் நேரத்தில், தோழர் புடைசூழ, தன் இதயம் தனக்கே கேட்க ஓடுபவன் அந்நேரத்திலேயே தன் பரிசைப் பெற்றுவிடுகிறான். அப்பரிசை அளித்தவர் இறைவன்; அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை.

மகிழ்ச்சியைக் களவாடுவோர்

எனினும், கோதுமை விளையும் இடத்தில் களையும் முளைக்கிறது. ஓட்டத்தால் பெரும்பணம் வரத் தொடங்கியதும் அம்மலைநாட்டில் பேராசையும் புகுந்தது. ஓடாமலே ஓடும் வலிமையைத் தருவதாக ஆசை காட்டும் ஊக்கமருந்துகள் வந்தன. மலைக்காற்றால் பொறுமையாக உடலில் ஊறவேண்டிய சிவப்பணுக்களை ஊசியால் பெற முயன்றனர் சிலர். பலர் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டில் கென்ய அரசு இதற்கெதிராகத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இதனினும் துயரமானது ஒன்றுண்டு. அக்னெஸ் திரோப் என்னும் இளம்பெண் 2015இல் உலக நாட்டுப்புற ஓட்டத்தில் வாகை சூடியவர். 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் உலகப் போட்டிகளில் 10,000 மீட்டரில் வெண்கலம் பெற்றவர். 2021 செப்டம்பரில், பெண்கள் மட்டுமே ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் அந்நாளைய உலகச் சாதனையைப் படைத்தார். அடுத்த மாதமே, இட்டெனில் தம் இல்லத்தில் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்து கிடந்தார். வயது இருபத்தைந்து. கணவர்மீது கொலைவழக்குத் தொடரப்பட்டது. அவருடைய தோழியர் அவர் பெயராலேயே ஓர் அமைப்பைத் தொடங்கி, வீட்டினுள் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குத் துணைநிற்கின்றனர். பெண் ஓடி ஈட்டும் பணத்தின்மீது பிறர் உரிமை கொண்டாடும் கொடுமை வெளிப்படையாகப் பேசப்பட்டது அதன் பின்னரே.

மகிழ்ச்சியின் ஊற்றாக இறைவன் தந்த கால்களை, பிறர் பணம் கறக்கும் பசுவாக்கினால் விளைவது இதுவே. மலை மாறவில்லை, காற்றும் மாறவில்லை. மனிதன் கொடையை விலைப்பொருளாக்கினான், மகிழ்ச்சி வெளியேறிற்று.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோரே! கென்ய நாட்டு மலை எங்கே, நம் ஊர் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் இணைப்பவர் உங்கள் பிள்ளைகள். ஓடவேண்டும் என்னும் ஆவலை இறைவன் எல்லாக் குழந்தைகளின் கால்களிலும் வைத்தே அனுப்புகிறார். அதனை நாம் என்ன செய்கிறோம்?

"எந்நேரமும் விளையாட்டு, விளையாட்டு என்று அலைகிறான் சாமி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று முறையிடும் பெற்றோரைப் பங்குகளில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அதே பையன் மாவட்ட அளவில் கோப்பையொன்று பெற்று வந்தால், அடுத்த நாள் முதல் அவனை மாநில அளவில் வெல்லச் சொல்லி விரட்டும் பெற்றோரையும் காண்கிறோம். முதலில் தடுத்தோம், பிறகு விரட்டினோம். இடையில் அவனது மகிழ்ச்சியைப் பற்றி எவர் கேட்டனர்? பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை வகுப்பில் முதலாவதாக ஓடிய சிறுமி, பெரியவளானதும் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்த்தி வைக்கப்படுகிறாள். அவள் கால்களைப் படைத்தவர் அவற்றுக்கு அவ்வாறு காலவரையறை எதுவும் விதிக்கவில்லையே!

உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று கற்பித்த புனித சின்னப்பர், ஓட்டப்பந்தயத்தையே கிறிஸ்தவ வாழ்வுக்கு உவமையாக்கினார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இளங்குருவாயிருந்தபோது, 1889ஆம் ஆண்டில், ஆல்ப்ஸ் தொடரின் மோண்டே ரோசா மலையில் ஏறியவர். பின்னர் 1923இல் மலையேறுவோருக்குப் புனித பெர்நார்தைப் பாதுகாவலராக அறிவித்தார். ஆகவே, கால்களின் களிப்பு ஆன்மாவுக்குப் பகையென்று எவரும் அஞ்ச வேண்டா.

செய்யக்கூடியவை எளியவை. வாரத்தில் ஓரிரு நாட்களாவது விடியற்காலையில் பிள்ளைகளோடு தந்தையும் தாயும் வெளியே வரட்டும். மலையில்லாத ஊரில் ஏரிக்கரை இருக்கும்; அதுவுமில்லையேல் கோவில் வளாகம் இருக்கிறது. பங்குகளில் அவ்வளாகத்தின் கதவைக் காலையில் திறந்துவைப்பது எம்போன்ற குருக்களின் கடமை. மெல்லத் தொடங்குங்கள், கூடி ஓடுங்கள். மகளையும் மகனோடு சேர்த்து அழைத்து வாருங்கள். முடித்தபின் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை விநாடி என்று கேளாதீர்கள். மூச்சு வாங்க, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டு நிற்கும் அப்பிள்ளையோடு சேர்ந்து ஒரு நிமிடம் நின்று, மூச்சைத் தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். போட்டியும் பரிசும் பின்னர் வருமானால் வரட்டும். வராவிட்டாலும் அப்பிள்ளை இழந்தது ஒன்றுமில்லை.